மூன்றாவது தட்டு

காலை பத்தேகால் மணி பயப்படுகிற நேரமே இல்லை. ஊர் உலகமெல்லாம் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, முதல் தேநீர் குடித்து, யாரைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டிருக்கும் நேரம். எனக்கு அந்த நேரத்தில்தான் பயம் வந்தது. ஒலிக்கலவை அரங்கின் நடு வரிசையில், ஏசி குளிரில், காகிதக் கோப்பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இந்த சீன்ல இசையே வேண்டாம் சுத்தி," என்றார் இயக்குநர். முதல் படம் எடுக்கும் பெண்மணி. எதைச் சொன்னாலும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் சொல்வார். "உங்க தட்டு மட்டும் போதும். மூணே மூணு தட்டு. கூட வேற சத்தம் எதுவும் இருக்கக் கூடாது."

சுத்தி என்பது நான். சுத்தியல் என்பதன் சுருக்கம். அம்மா வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. ஹிப்ஹாப் பாட்டுகளுக்கு பீட் செய்கிறவனாக ஆரம்பித்து, பதினோரு வருடத்தில் முப்பது நாற்பது ராப்பர்களைப் பாட வைத்து, நாலு படத்துக்குப் பின்னணி இசை போட்டு, இப்போது ஐந்தாவதில் இருக்கிறேன். இத்தனைக்கும் அடித்தளம் ஒரே ஒரு சத்தம். டக் டக்... டக். முதல் இரண்டும் நெருக்கமாக விழும். மூன்றாவது தாமதித்து, கனமாக, தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அந்த நொண்டலுக்குத்தான் எல்லாரும் ஆடினார்கள். முதல் பாட்டில் அது இருந்தது. இரண்டாவது பாட்டில் வைக்காமல் விட்டதற்கு ரசிகர்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதிலிருந்து எல்லாவற்றிலும் போட்டேன், உப்பு மாதிரி.

அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காத பேட்டி கிடையாது. நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். வாடகை அறையில் இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தார், மைக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சுத்தியல் என்ற பெயர் வந்ததே அந்தப் பதிலால்தான். பதினோரு வருடம் ஒரே பொய்யைச் சொன்னால் அதற்கு மீசை முளைத்து, வீட்டில் ஒரு ஆள் மாதிரி நடமாடத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் படத்தின் கதை, கணவன் வீட்டுக்குள் பூட்டி வைத்த ஒரு பெண்ணைப் பற்றியது. கதை கேட்ட அன்றே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் சினிமாக்காரனுக்கு ஆசை முன்னால் ஓடும், புத்தி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

கலவை மேஜையில் இருந்த ஒலிப் பொறியாளரை எல்லாரும் காது சார் என்பார்கள். என் வயதுதான். பிஸ்கட் தின்றுகொண்டே வேலை செய்வார். ஆனால் அரங்கின் கடைசி வரிசையில் ஒருவர் வாட்ச் கட்டியிருந்தால் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சொல்லிவிடுவார். என் தட்டை நாலு முறை போட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஏதோ அழுக்கு இருக்கு சுத்தி. பாட்டுக்குள்ள தெரியல, தனியா வச்சா தெரியுது. நசுக்கி நசுக்கி வச்சிருக்கீங்க. ஒரிஜினல் இருக்கா?"

"இருக்கும் சார். தேடணும். ரொம்பப் பழசு."

தேட வேண்டிய அவசியமே வரவில்லை. என் பழைய ஹார்ட் டிஸ்க் அவர் கணினியில்தான் செருகியிருந்தது; படத்துக்கான இசையை அதில்தான் கொண்டுவந்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இதோ இருக்கே. 'பக்கத்துச் சுவர்'. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு."

"சின்னத எடுங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

சின்னதை எடு என்று ஒலிப் பொறியாளரிடம் சொல்வதும், அந்த டப்பாவைத் திறக்காதே என்று குழந்தையிடம் சொல்வதும் ஒன்றுதான். பெரியதைத் திறந்தார். பதினான்கு விநாடி. பதினோரு வருடமாக நான் திறக்காத பதினான்கு விநாடி.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரண்டு தட்டு. பிறகு இரைச்சலுக்கு அடியில் என்னவோ அசைந்தது. பிறகு மூன்றாவது. காது சார் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். இரைச்சலை உரித்தெடுக்கும் கருவியை ஓடவிட்டார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம் போயிற்று, அடுத்த படலம் போயிற்று. மீண்டும் போட்டார். அரங்கின் சுவர்களிலும் கூரையிலும் இருந்த எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னது.

"தம்பி... தம்பி, வந்து கதவத் தட்டுப்பா. ஒரே ஒரு தடவ வந்து தட்டுப்பா."

பிறகு அந்த மூன்றாவது தட்டு. அதோடு பதிவு நின்றுவிட்டது.

காகிதக் கோப்பை கைக்குள் நசுங்கி, தேநீர் முழங்கால் மேல் கொட்டியதுகூட உறைக்கவில்லை.

"முதல் ரெண்டும் விரல் முட்டி," என்றார் காது சார், தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி. "மூணாவது முட்டி இல்ல. கனமா இருக்கு, ஆனா கட்டையும் இல்ல, இரும்பும் இல்ல." அவர் கை அவர் நெற்றிக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். "யாரு சுத்தி இது?"

"நடிச்சவங்க சார். நாடகத்துல நடிக்கிற ஒரு அம்மா. அப்ப சும்மா டெஸ்டுக்கு எடுத்தது."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்படி ஒருத்தர் நடிச்சு நான் கேட்டதே இல்ல. இந்தக் குரல் படத்துல இருக்கணும். தட்டு, குரல், தட்டு. அப்படியே. ஒரு வார்த்தகூட வெட்டக் கூடாது."

"வேற யாரையாவது பேச வச்சுக்கலாமே..."

"வேற யாரும் இப்படிப் பேச முடியாது. அவங்க பேர டைட்டில்ல போடணும் சுத்தி. ஒப்புதல் கடிதத்துல ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஹிப்ஹாப்பில் இந்தத் தொல்லை இல்லை. எவருடைய சத்தத்தையும் எடுத்து, வெட்டி, தலைகீழாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யாராவது வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். சினிமாவில் ஒரு நாய் குரைத்தாலும் நாய்க்காரரிடம் கையெழுத்து வேண்டும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடி. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு மெல்லிய சுவரை எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படியில் பார்த்தால் சிரிப்பார், சத்தம் வராமல். நான் நாளெல்லாம் பீட் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன், சுவர் அதிரும். அதற்காக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. யாரும் பேசி வைத்ததல்ல, தானாக வந்தது. அக்கா சுவரில் இரண்டு தட்டு தட்டினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். நான் குறைப்பேன். அவ்வளவுதான் எங்கள் உறவு.

அன்று பிற்பகல் இரண்டு தட்டு கேட்டது. குறைத்தேன். மீண்டும் இரண்டு தட்டு. இன்னும் குறைத்தேன். மறுபடியும் தட்டு. எரிச்சலோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். அறை அமைதியானதும்தான் அந்தத் தட்டு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. சுவருக்குள் ஏதோ வெற்றிடம் இருந்திருக்க வேண்டும், வயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று மாதமாக அப்படி ஒரு சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மைக்கை எடுத்தேன். சுவரோடு ஒட்டி வைத்தேன். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

ஆகவே குரலும் கேட்டது. எனக்குக் கேட்டது. மைக் வழியாக, காதுக்குள், சொல் சொல்லாகக் கேட்டது. கதவை வந்து தட்டச் சொன்னார். பத்து அடி நடந்தால் அந்தக் கதவு. மூன்றாவது தட்டு விழுந்ததும் நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால் நிறுத்தினேன். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் என் கதவில் வந்து நின்றார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

"ஏதாவது கேட்டுச்சா தம்பி?"

"ஹெட்போன் போட்டிருந்தேன் அண்ணே. ஒண்ணும் கேக்கல."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த வீட்டில் ஆள் சத்தமே இல்லை. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மெக்கானிக் படியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு அவரும் காலி செய்துவிட்டார். அக்காவை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அந்த மாதக் கடைசியில் என் முதல் பாட்டு வெளிவந்தது.

அக்கா உயிரோடு இருக்கிறாரா? பதினோரு வருடமாக இந்தக் கேள்வியின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மேடையில் ஆயிரம் பேர் அந்தத் தட்டுக்குக் கைதட்டும்போது மட்டும் முதுகில் ஒரு குளிர் ஓடும். மேடைப் பயம் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வேன்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். கண் தெரியாமலே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஆட்களை ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறாள். அவளிடம் என் ஆணிக் கதை எப்படி இத்தனை வருடம் செல்லுபடியானது என்று தெரியவில்லை. மதிய இடைவேளையில் அவள் கடைக்கே போய், கண் பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டேன். பதினான்கு விநாடி. கழற்றி மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம கல்யாணத்துல இதுக்குத்தான் எல்லாரும் ஆடினாங்க," என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்ப என்ன பண்ணப் போற?"

"கையெழுத்து வேணும். எங்க போய்த் தேடுறதுன்னு..."

"கையெழுத்து வாங்கப் போறியா, இல்ல ஆள் இருக்காங்களான்னு பாக்கப் போறியா? ரெண்டும் ஒண்ணு இல்லப்பா."

ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன் கடைசியில். "இல்லன்னு யாராவது சொல்லிட்டா?"

"அப்ப அதையும் கேட்டுட்டு வரணும். நாளைக்கு நானும் வரேன். நீ தனியா போனா வாசலத் தொட்டுட்டுத் திரும்பி வந்துடுவ, உன்ன எனக்குத் தெரியும்."

மறுநாள் பதினொரு மணிக்கு அந்தப் பழைய கட்டடத்தின் முன் காரை நிறுத்தினோம். அவள் காரிலேயே இருக்கிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "போன்ல லைன் போட்டு அப்படியே பையில வச்சுக்க. கட் பண்ணாத. நான் கேட்டுட்டே இருப்பேன்."

கட்டடத்துக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். லிஃப்ட் மட்டும் அதேதான்; கதவு மூடும்போது கொஞ்சம் முனகும். ஏறி மூன்றை அழுத்தினேன். எதிரே பராமரிப்பு அட்டை ஒட்டியிருந்தது. மாதா மாதம் தேதி, சோதித்தவர் கையெழுத்து. சும்மா பார்த்தேன். வளைத்து வளைத்துப் போட்ட ஒரு கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி. எனக்கு அது தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வரும் மின்சார ரசீதில் மெக்கானிக் அதே சுழியைத்தான் போடுவார். அட்டையில் கடைசித் தேதி இன்றைய தேதி.

லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது.

விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது. மேலே, என் தலைக்கு நேர் மேலே, யாரோ நடக்கும் சத்தம். பிறகு ஒரு பாட்டு. டக் டக்... டக். என் பாட்டுதான், யாருடைய போனோ அடிக்கிறது.

"உள்ள யாருங்க? பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம். நான்தான் வேல பாத்துட்டு இருக்கேன்," என்றது மேலிருந்து ஒரு குரல். அதே குரல்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தபடி மெக்கானிக் நின்றார். தலை நரைத்திருந்தது. சிரிப்பு நரைக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், நான் ஓடலாமா என்று யோசிப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி! நம்ம தம்பிதானே? உங்கள டிவியில பாக்காத நாளே இல்ல. அந்த ஆணி அடிச்ச கதைய நீங்க சொன்னப்ப, அது நான்தான், நான்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என் போன்ல பாருங்க, உங்க பாட்டுதான். வேற பாட்டே வச்சதில்ல."

அவருக்குத் தெரியாது. அவர் கையால் நடந்தது அவர் போனிலேயே ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆணி அடித்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். என் பொய் எனக்கு மட்டும் உதவவில்லை, அவருக்கும் சேர்த்து உதவியிருக்கிறது.

"அக்கா..." என்றேன். மீதி வார்த்தைகள் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு விநாடியாகக்கூட இருக்கலாம், பதினோரு வருடப் பயமும் அந்த இடைவெளியில் நின்றது.

"நல்லா இருக்காளே. பக்கத்துத் தெருதான் வீடு. வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போலாம். நீங்க வந்தீங்கன்னு வாயால சொன்னா அவ நம்ப மாட்டா."

இருக்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. படி இறங்கும்போது சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், சூடாக இருந்தது. "பக்கத்துத் தெருவா அண்ணே? நடந்தே போயிடலாமா?" என்று தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டேன். எங்கள் காரைத் தாண்டித்தான் நடந்தோம்.

நிம்மதி அந்த வீட்டு வாசல் வரைதான் நீடித்தது. இரண்டாவது மாடி. வெளியே பெரிய பூட்டுத் தொங்கியது. பழக்கதோஷத்தில் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"வெளிய போயிருக்காங்களா?"

"உள்ளதான் இருக்கா. திருட்டுப் பயம் தம்பி. காலம் கெட்டுக் கிடக்கு."

பூட்டு திறந்தது. நான் உள்ளே நுழைந்தேன். ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பி. கூடத்தில் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். மேஜை, இரண்டு நாற்காலி, டிவி. அவர் பையில் இருப்பதைத் தவிர வேறு போன் எதுவும் கண்ணில் படவில்லை. அவர் கதவைச் சாத்தினார், தாழ் போடவில்லை. சாவியை மேஜைமேல், தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரு வந்திருக்காங்க பாரு!"

அக்கா சமையலறையிலிருந்து வந்தார். வெறும் காலோடு, ஒரு தாம்பாளத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர். இளைத்துப் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, அதைக் கண்ணோடு நிறுத்திக்கொண்டார். இடது பக்கம், முடி ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு பழைய தழும்பு வெள்ளையாகக் குழிந்திருந்தது. காது சார் தன் நெற்றியில் கை வைத்த இடம்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"நல்லா இருக்கா, நல்லா இருக்கா," என்றார் மெக்கானிக். "அவளுக்கு என்ன கொறச்சல்?"

அப்போது அவர் போன் அடித்தது. டக் டக்... டக். அக்காவின் கையில் இருந்த தாம்பாளம் அசையவே இல்லை. தண்ணீரில் ஒரு சின்ன வளையம்கூட எழவில்லை. மூன்றாவது தட்டு விழும் நேரத்தில் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். எத்தனை ஆயிரம் முறை அடித்திருக்கும்? எத்தனை ஆயிரம் முறை இந்தக் கண் இப்படி மூடித் திறந்திருக்கும்? கேட்கிற எல்லாரிலும் அது என்ன சத்தம் என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த அக்கா மட்டும்தான். நான் பதிவு செய்தேன் என்பது இவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

தாம்பாளத்தை வைத்துவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். மெக்கானிக் போனில் யாரிடமோ என்னைப் பற்றிப் பெருமையடித்துவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். எந்த நடிகை நேரில் அழகு, எந்த நடிகருக்கு விக், தன்னையும் ஒரு படத்தில் லிஃப்ட் மெக்கானிக்காகவே போட்டால் என்ன. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கடிதம் கரகரத்தது. அதை எடுத்து நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். படத்தில் குரல் வரும், அவர் கேட்பார், வீட்டுக்கு வருவார், வெளிப்பூட்டைத் திறந்து உள்ளே போவார். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

சமையலறைச் சுவரிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

மெல்ல, விரல் முட்டியால். டக் டக்.

மெக்கானிக் தன் பேச்சிலேயே இருந்தார். நான் மூன்றாவதுக்காகக் காத்திருப்பதை உணர்ந்தேன். ஆமாம், உட்கார்ந்து காத்திருந்தேன், உடம்பு தாளத்துக்குப் பழகிப்போயிருந்தது. மூன்றாவது எதனால் விழும் என்று தெரிந்த பிறகும் காத்திருக்கிறேன் என்று உறைத்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

மெக்கானிக் பேச்சை நிறுத்தினார். சமையலறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"என்ன தம்பி? ஏதாவது கேட்டுச்சா?"

ஒண்ணும் கேக்கல அண்ணே என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதுதான் எனக்கு நன்றாகப் பழகிய பாட்டு.

"கேட்டுச்சு அண்ணே," என்றேன். "அன்னிக்கும் கேட்டுச்சு."

அவர் மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னைக் கடந்து போய்க் கதவுக்கு உள்தாழைப் போட்டார். பிறகு நிதானமாகத் திரும்பினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். எனக்கு அவரைவிட உயரம் அதிகம், வயது குறைவு, இருந்தும் என் கால்கள் பின்னால் போயின.

அந்த நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

தாளம் இல்லை, கணக்கு இல்லை. இரண்டு கையாலும் அடிக்கிற அடி. "கதவத் திறங்க!" என் மனைவியின் குரல். மாடியில் வேறு கதவுகள் திறக்கும் சத்தம், யார் யார் என்று கேட்கும் சத்தம். "திறக்கிற வரைக்கும் தட்டுவேன்! திறங்க!"

மெக்கானிக்கின் கை துண்டோடு அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதானா? ஒரு கதவைத் தட்டினால் இவ்வளவுதானா? நான் சுவரோடு ஒட்டி நகர்ந்து போய்த் தாழை நீக்கினேன். வாசலில் அவளும், அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டுக்காரர்களும் நின்றார்கள்.

"அக்கா," என்று சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டேன். "செருப்பப் போட்டுட்டு வாங்க. போலாம்."

அக்கா வெளியே வந்தார். காலில் ஏற்கெனவே செருப்பு இருந்தது.